குளத்தைக் காலி செய்யும் மாத்திரை

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றிக் கிடந்த அந்தக் கோடையில் இப்படியோர் உத்தரவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த உத்தரவு தொடாத கேள்வி ஒன்று உண்டு. ஒருமுறை நிரப்பிய குளத்துக்கு மறுபடி மறுபடி தண்ணீர் ஏன் வேண்டியிருக்கிறது? ஆவியாகிப் போனதை ஈடுகட்டுவது புரிகிறது. குளத்தையே இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது எதற்கு? வடிகட்டி, மோட்டார், குளோரின் என்று இத்தனை ஏற்பாடும் அதே தண்ணீரை ஆண்டுக்கணக்கில் வைத்துப் புழங்குவதற்காகத்தானே?

விடை தேடி பெங்களூருவரை போக வேண்டியதில்லை. சென்னையின் நீலாங்கரையில் தொடங்கி உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் என்று மாமல்லபுரம்வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நீச்சல் குளம் வைத்த வீடுகளுக்குப் பஞ்சமில்லை. சில, குடும்பங்கள் வசிப்பவை. பல, வார இறுதிக்கு வாடகைக்கு விடப்படுபவை. குளம் பச்சையாகிவிட்டால் அங்கே பெரும்பாலும் கேட்கும் வாக்கியம் ஒன்றுதான்: “தண்ணி கெட்டுப்போச்சு சார், மாத்திடலாம்.” அடுத்த நாள் மோட்டார் ஓடும். அதற்கடுத்த நாள் லாரி வரும், அல்லது போர் ஓடும்.

எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துவிடுவோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் ஏறக்குறைய 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நான்கு. இது பெரிய பங்களாவின் குளம்கூட இல்லை, நடுத்தர அளவு.

தண்ணீர் உண்மையில் கெட்டுப்போவதில்லை. அதில் சேரக் கூடாதது சேர்ந்துவிடுகிறது. சேர்ப்பவர் குளத்தில் குளிப்பவர் அல்ல, பெரும்பாலும் குளத்தைப் பராமரிப்பவர். அவர் கையில் இருக்கும் வெள்ளை மாத்திரையின் பெயர் டி.சி.சி.ஏ. 90, அதாவது டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம். நம் ஊர்க் குளங்களில் அதிகம் புழங்குவது இதுதான். மிதவையில் இரண்டு மாத்திரையைப் போட்டால் மெதுவாகக் கரைந்து நாள் கணக்கில் குளோரின் தரும். தினமும் ஆள் வர வேண்டாம், கேன் தூக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகும் பராமரிப்பாளருக்கு இதைவிட வசதி வேறில்லை.

அந்த மாத்திரை தருவது குளோரினை மட்டுமல்ல. அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் சயனூரிக் அமிலம். 1 கிலோ மாத்திரை கரைந்து முடித்தால் ஏறக்குறைய 550 கிராம் சயனூரிக் அமிலம் குளத்தில் தங்கிவிடுகிறது. குளோரின் கிருமியைக் கொன்றும் வெயிலில் சிதைந்தும் போய்விடும். சயனூரிக் அமிலம் போகாது. ஆவியாகாது, வடிகட்டியில் நிற்காது, வெயிலுக்கும் அசையாது. தண்ணீர் ஆவியாகும்போது மீதித் தண்ணீரில் அதன் அடர்த்தி இன்னும் கூடும்.

இதை வில்லனாக்கிவிடவும் கூடாது. சயனூரிக் அமிலம் துளியும் இல்லாத திறந்தவெளிக் குளத்தில் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் குளோரினில் பாதிக்கு மேல் தின்றுவிடும். இந்த அமிலம் குளோரினைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் இருந்தால் குளத்துக்கு நல்லது. துறையில் இந்த அளவை பி.பி.எம். என்பார்கள். அளவு ஏற ஏறப் பிடி இறுகுகிறது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் பிடிக்குள்ளேயே கிடக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 100 பி.பி.எம்.-ஐ உச்சவரம்பாகச் சொல்கிறது. அந்த எல்லைக்குப் போன குளத்தில் பாசியைத் தடுத்து நிறுத்தவே 7 பி.பி.எம். போலக் குளோரின் வேண்டியிருக்கும். வழக்கமாக வைப்பதோ 2, 3.

சோதனைப் பெட்டி இங்கேதான் ஏமாற்றுகிறது. வீட்டுக் குளங்களில் இருக்கும் இரட்டைக் குழாய்ப் பெட்டி பி.எச். அளவையும் குளோரினையும் மட்டுமே காட்டும். சயனூரிக் அமிலத்தின் பிடியில் கிடக்கும் குளோரினையும் அது சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மஞ்சள் நிறம் வந்துவிட்டது, குளோரின் இருக்கிறது என்று பராமரிப்பாளர் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. மறுநாள் சுவரோரம் வழுவழுப்பு, மூன்றாம் நாள் பச்சை. இன்னும் இரண்டு மாத்திரை போடப்படும். அதிலும் பாதி சயனூரிக் அமிலம்.

வேகத்தைப் பாருங்கள். நம் வெயிலில் ஒரு குளம் நாளொன்றுக்கு 3 பி.பி.எம். குளோரின் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 90. மாத்திரை வழியாக 10 பி.பி.எம். குளோரின் சேர்த்தால் கூடவே 6 பி.பி.எம். சயனூரிக் அமிலம் சேரும். ஆக, மாதம் 54. புதுத் தண்ணீர் நிரப்பிய குளம் இரண்டே மாதத்தில் 100-ஐத் தாண்டுகிறது. மணல் வடிகட்டியை பேக்வாஷ் செய்கையில், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுகையில், கொஞ்சம் வெளியேறும்தான். வாரம் 500 லிட்டர் போனாலும் மாதத்துக்கு 2,000 லிட்டர், 45,000-இல் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எனவே “தண்ணி மாத்திடலாம்” என்ற வாக்கியம் பச்சை நிறத்தைப் பார்த்த அன்று பிறப்பதில்லை. மாத்திரை வாளியை வாங்கிய அன்றே பிறந்துவிடுகிறது.

சரி, ஏறிவிட்டது. என்ன செய்வது? குழம்பில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வோமோ அதைத்தான். உருளைக்கிழங்கு போடுவது, சோற்று உருண்டை போடுவது எல்லாம் மனத் திருப்திக்கு. கொஞ்சம் எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுவதே வழி. சயனூரிக் அமிலத்தைத் தின்னும் நுண்ணுயிரி என்று பொட்டலங்கள் வெளிநாடுகளில் விற்கின்றன, நம்பிச் செலவழிக்கும் அளவுக்கு அவை நிச்சயமானவை அல்ல. அமெரிக்காவின் அரிசோனா, கலிஃபோர்னியா பகுதிகளில் எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரத்தை வண்டியில் ஏற்றிவந்து குளத்து நீரை அங்கேயே சுத்திகரித்துத் திருப்பி விடுகிறார்கள். அங்குள்ள தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அது கட்டுப்படியாகிறது. நமக்குப் பகுதி வடிப்புதான் கைக்கெட்டும் மருந்து.

மருந்தென்றால் அளவு வேண்டும். முழுக் குளத்தையும் காலி செய்வது பெரும்பாலும் தேவையே இல்லாத வேலை. கணக்கு எளிது: அளவு 80-இல் இருந்து 53-க்கு இறங்க மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். நம் 45,000 லிட்டர் குளத்தில் இது 15,000 லிட்டர், நீர்மட்டத்தில் 45 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 120 வரை விட்டுவிட்டு 40-க்குக் கொண்டுவர நினைத்தால் மூன்றில் இரண்டு பங்கு, 30,000 லிட்டர் போக வேண்டும். ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் குழாயைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. வேலை சுத்தமாக நடப்பது போலத் தோன்றும், ஆனால் புதுத் தண்ணீரும் பழையதோடு கலந்து வெளியே ஓடுவதால் அதே 40-க்கு வர 49,000 லிட்டருக்கு மேல் செலவாகும். முதலில் இறைக்க வேண்டும், பிறகு நிரப்ப வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் அளந்து பார்த்திருக்க வேண்டும். சயனூரிக் அமிலச் சோதனை கடினமே இல்லை. குளத்து நீரில் மெலமைன் கரைசலைக் கலந்தால் பால்போலக் கலங்கும். அடியில் கரும்புள்ளி வைத்த குழாயில் அதை ஊற்றிக்கொண்டே வந்து, புள்ளி கண்ணுக்கு மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். 100-க்கு மேல் குழாய் காட்டாது. அப்போது குளத்து நீரோடு சம அளவு குழாய்த் தண்ணீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை இரட்டிக்க வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் குளத்தை இறைக்கச் சொல்பவரிடம் எத்தனை லிட்டர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் “பாதி” அல்லது “ஃபுல்லா” என்றே வரும்.

இனி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். இங்கே சயனூரிக் அமிலம் மட்டுமல்ல, கடினத்தன்மையும் ஏறுகிறது. பெரும்பாலான இடங்களில் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மையில் லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவு என்கிறது, வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. குளத்துக்கு 200 முதல் 400 வரை உகந்தது. உங்கள் போர்த் தண்ணீர் 500 என்று கொள்வோம். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் மாதத்துக்கு 15 சென்டிமீட்டர், குளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். நீர் மட்டும் மேலே போகிறது, சுண்ணாம்பு கீழே தங்குகிறது. ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரோடு இன்னும் 50-க்கு மேல் சேருகிறது. மாத்திரைக்குப் பதில் பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் அதன் பங்குக்கும் சுண்ணாம்பைக் கூட்டுகிறார்கள். ஓராண்டு கவனிக்காமல் விட்டால் டைல்ஸ் ஓரம் வெள்ளைப் படலம், வடிகட்டி மணலில் கட்டி, தண்ணீரில் மங்கல்.

கடினத்தன்மை 900-க்குப் போய்விட்டது, 600-க்காவது இறக்க வேண்டும் என்று வையுங்கள். 500 கடினத்தன்மை உள்ள போர்த் தண்ணீரை ஊற்றி இறக்குவதானால் குளத்தின் நான்கில் மூன்று பங்கை மாற்ற வேண்டும். மழைநீரில் சுண்ணாம்பே இல்லை என்பதால் அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நாம் காலி செய்வதும் தப்பான காலத்தில், நிரப்புவதும் தப்பான தண்ணீரில்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் மாதிரிக் குளத்தின் சராசரி ஆழமும் 1.4 மீட்டர்! ஓராண்டில் அந்தக் குளத்தின் மேல் நேராக விழும் மழையே ஒரு குளம் அளவு. அதன் பெரும்பகுதி, நிரம்பிய குளத்தில் விழுந்து வழிந்தோடுகிறது. புரட்டாசிக் கடைசியில் 45 சென்டிமீட்டர் இறைத்து வைத்துக்கொண்டால் அந்த மழைக்கு இடம் கிடைக்கும். 100 சதுர மீட்டர் கூரையின் மழைநீர்க் குழாயையும் குளத்துக்குத் திருப்பினால், குளத்துப் பரப்போடு சேர்த்து 132 சதுர மீட்டர். 110 மில்லிமீட்டர் மழைக்கு 14,500 லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் நல்ல தாழ்வுநிலை ஒன்று உருவானால் இரண்டு நாளில் கிடைத்துவிடுகிற மழை இது. முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் கூரைத் தூசியோடு வெளியே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. கூரைக் குழாய்கள் ஏற்கெனவே ஓரிடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மட்டம் இறங்கியிருக்கும் நாள்களில் வடிகட்டி மோட்டாரை அப்படியே ஓடவிடக் கூடாது. மேல்மட்ட உறிஞ்சுவாயான ஸ்கிம்மர் காற்றை இழுக்கும். அந்த வால்வை மூடிவிட்டு அடிவாய் வழியே மட்டும் ஓட்ட வேண்டும்.

புரட்டாசி என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதை அலட்சியம் செய்தால் குளமே போய்விடும். இந்தக் கடற்கரை முழுதும் மணல். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து தரைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். குளத்துக்குள் தண்ணீர் நிற்கும்வரை உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமன். உள்ளே இறைத்துவிட்டால், வெளி நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும், அடித்தளத்தின் சதுர மீட்டர் ஒவ்வொன்றையும் 1 டன் விசையோடு மேலே தள்ளும். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 360 கிலோதான். பக்கச் சுவர்களின் எடை கொஞ்சம் கைகொடுக்கும். அதுவும் போதாதபோது தளம் விரிசல் விடும், அல்லது தொட்டி மொத்தமும் மிதந்து எழும். ஃபைபர் தொட்டியானால் இன்னும் சுலபமாக. அடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைத்திருந்தாலும் மணல் அடைத்துக்கொண்டிருக்கலாம். குளத்து நீர்மட்டம் எந்த நேரத்திலும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் விதி. மோட்டார் போடுமுன் பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். நவம்பரில் ஒருநாள் குளம் பச்சையாகிவிட்டதே என்று முழுதாக இறைப்பவர்கள் நான்கு லாரித் தண்ணீரோடு கட்டுமானத்தையும் பணயம் வைக்கிறார்கள்.

இறைத்த தண்ணீர் எங்கே போகிறது? தெருவோர மழைநீர் வடிகாலுக்கு. கேட்டால், சுத்தமான தண்ணீர்தானே என்பார்கள். நன்னீர் உயிரினங்களுக்குத் தாங்கும் எல்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் குளோரின் அளவு லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். 3 மில்லிகிராம் உள்ள குளத்து நீர் அதைப்போல 150 மடங்குக்கு மேல். வடிகால் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் பக்கிங்காம் கால்வாயிலோ முட்டுக்காட்டுக் காயலிலோ கடலிலோதான் சேரும். செப்டிக் டேங்கில் விடுவது அதைவிட மோசம். அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிடும், 15,000 லிட்டரைத் தாங்கும் கொள்ளளவும் அதற்கில்லை. மழைநீர் சேகரிப்புக் குழியிலும் கூடாது. அது குடிக்கும் நீரைத் தொடும் வழி.

தோட்டத்துக்குத்தான் விட வேண்டும், அதற்கு முதலில் குளோரினை நிறுத்த வேண்டும். சயனூரிக் அமிலம் அதிகமுள்ள குளத்தில் அது தானாகக் குறைய நாளாகும் என்பதால் சோடியம் தயோசல்பேட் போடலாம். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ‘ஹைப்போ’ என்ற பெயரில் புழங்கிய அதே உப்புதான். சோதனைப் பெட்டியில் நிறமே வராத நிலைக்கு வந்தபின் தென்னைக்கும் சவுக்குக்கும் பிரித்துப் பிரித்துப் பாய்ச்சலாம். இரண்டுமே உப்பைத் தாங்கும், தென்னைக்கு குளோரைடு சத்தாகவே பயன்படுகிறது. சயனூரிக் அமிலத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் சிதைத்துவிடும். வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம்.

இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்பதற்கு ஊருக்கு ஊர் விடை மாறும். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் குளத்து நீரைத் தெருவில் விடக் கூடாது, வீட்டுக் கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும். அங்கே சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்கே திரும்புகிறது. திருப்பிய அளவுக்கு நெவாடா மாநிலம் கொலராடோ ஆற்றிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அந்நகரம் அமைந்த கிளார்க் கவுன்டி, 2022 செப்டம்பரிலிருந்து புதிய வீட்டுக் குளங்களின் பரப்பை 600 சதுர அடிக்குள் கட்டுப்படுத்திவிட்டது. குளத்தை ஆடம்பரம் என்று திட்டிக்கொண்டிராமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

பணக்காரர் வீட்டுக் குளத்துக்கு நடுப்பக்கத்தில் இத்தனை இடமா என்று வாசகர் கேட்கலாம். குளம் அவருடையது, தண்ணீர் அவருடையது இல்லை. திருவான்மியூரிலிருந்து கோவளம் நோக்கி நீளும் மணல் படுகையில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர்வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே 1 மீட்டர் குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். வில்லாவின் போர் ஓடும்போது அதே படுகையில் மீனவக் குப்பத்தின் கைப்பம்பும் நிற்கிறது.

குளங்களைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. தடை, கோடையில் தலைப்புச் செய்தியாகும், மழை வந்ததும் மறந்துபோகும். மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பயனுள்ளது. தொடக்கத்தில் 30, 40 பி.பி.எம். சயனூரிக் அமிலம் இருக்கட்டும். அதன்பின் திரவக் குளோரினுக்கு மாறிவிட்டால் அந்த அளவு ஏறாது. சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுச்செல்வது சாதாரண உப்பைத்தான். அதே 3 பி.பி.எம். கணக்கில் மாதம் 150 பி.பி.எம். உப்புக் கூடும், அது தொல்லையாக ஆண்டுகள் ஆகும். அதற்குள் மழை கழுவிவிடும்.

திரவக் குளோரினில் குறை இல்லாமல் இல்லை. நம் வெயிலில் கேனுக்குள்ளேயே வீரியம் இழக்கும், எனவே நிழலில் வைத்து, சில வாரங்களுக்குள் தீரும் அளவே வாங்க வேண்டும். 45,000 லிட்டர் குளத்துக்கு 10 சதவீதக் கரைசல் தினமும் 1.3 லிட்டருக்கு மேல் வேண்டும். வாரம் இருமுறை வரும் ஆளால் இது நடக்காது. சொட்டுச் சொட்டாக விடும் சிறிய டோசிங் பம்ப் வைத்தால் நடக்கும். வீட்டில் ஆள் இல்லாமையே மாத்திரையின் வியாபார ரகசியம் என்பதால், பம்பைப் பற்றி விற்பவர்கள் தாமாகப் பேச மாட்டார்கள். பத்திரமாகக் கையாளவும் வேண்டும். திரவக் குளோரின் கேனை, பி.எச். இறக்கும் அமிலக் கேனுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. டி.சி.சி.ஏ. தூளும் பிளீச்சிங் பவுடரும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை. ஒரே வாளியில், ஒரே கரண்டியில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இந்த எச்சரிக்கை ஒவ்வொரு பராமரிப்பாளருக்கும் தமிழில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

டி.சி.சி.ஏ. வாளியின் மேல் “90 சதவீதம் குளோரின்” என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 1 கிலோவில் எத்தனை கிராம் சயனூரிக் அமிலம் தங்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லலாம். வாடகைக்கு விடும் வில்லாக்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வைத்திருக்கும் குளப் பதிவேட்டில், பி.எச்., குளோரினோடு சயனூரிக் அமிலம், கடினத்தன்மை என்று இரண்டு பத்திகள் சேர்த்தால் மாதம் ஒருமுறை அளந்து எழுத வேண்டிவரும். அளவு 80-ஐத் தாண்டாத குளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைக்க வேண்டிய அவசியம் வராது. அப்படி இறைப்பதும் புரட்டாசியில், குளோரின் இறக்கி, தோட்டத்துக்கு என்று உள்ளாட்சி அமைப்பு ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். தாளுக்குச் செலவில்லை. சோதனைக் கரைசலுக்கும் டோசிங் பம்புக்கும் ஆகும் செலவைக் குளம் வைத்திருப்பவர்தான் ஏற்க வேண்டும்.